ஓட்டத்தை உருவாக்கியவர் யார்? டென்வர் பிராங்கோஸும் தலைமைப் பயிற்சியாளரின் பங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடர்பவர்கள் இன்றும் விடாமல் வாதிடும் ஒரு கேள்வி உண்டு. ஓர் அணி பந்தை எறியாமல், கையில் ஏந்தி ஓடியே எதிரணியை வீழ்த்தப் பழகிவிட்டால், அந்தப் பெருமையில் தலைமைப் பயிற்சியாளருக்கு எவ்வளவு சேரும், அவருக்குக் கீழே பணியாற்றிய உதவிப் பயிற்சியாளருக்கு எவ்வளவு சேரும்? 1995 முதல் 2008 வரை மைக் ஷனஹன் தலைமையில் ஆடிய டென்வர் பிராங்கோஸ் அணியே இக்கேள்விக்கு மிகச் சிறந்த உரைகல் என்பது என் எண்ணம். ஆகவே கீழுள்ள விடைகள் பெரும்பாலும் அந்த அணியைச் சுற்றியே அமைந்துள்ளன.

இந்த விளையாட்டை அதிகம் பார்க்காதவர்கள் முதலில் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். குவாட்டர்பேக் பந்தை எறிந்து முன்னேறுவது ஒரு வழி. ரன்னிங் பேக் பந்தை ஏந்தி ஓடி முன்னேறுவது மற்றொரு வழி. ஓடுபவருக்கு முன்னால் ஐந்து பேர் கொண்ட தாக்குதல் வரிசை நிற்கும். அவர்கள் பந்தைத் தொடுவதே அரிது. எதிராளிகளைத் தடுத்து வழி திறப்பதுதான் அவர்களுடைய வேலை. தேசியக் கால்பந்து லீகில் ஒவ்வோர் அணியிலும் வரிசைக்கு ஒரு பயிற்சியாளர், ஓடுபவர்களுக்கு ஒரு பயிற்சியாளர், தாக்குதல் முழுமைக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் எனப் பலர் இருப்பார்கள். இவர்கள் அனைவருக்கும் மேலே இருப்பவர் தலைமைப் பயிற்சியாளர். வேலை இத்தனை பேரிடம் பிரிந்திருப்பதால்தான் பெருமையைப் பங்கிடுவதில் இவ்வளவு தகராறு.

டென்வரைப் பற்றிய வாதம் சரியாக என்ன?

1995-ல் ஷனஹன் பொறுப்பேற்றபோது வரிசைப் பயிற்சியாளராக அலெக்ஸ் கிப்ஸை அழைத்துக்கொண்டார். 1980-களில் இருவரும் இதே டென்வரில் அன்றைய தலைமைப் பயிற்சியாளர் டான் ரீவ்ஸின் கீழ் உதவிப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். அந்த 1995-லேயே டிராஃப்டின் ஆறாவது சுற்றில், 196-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் 1,117 யார்டு ஓடினார். அடுத்த மூன்று சீசன்களில் 1,538, 1,750, 2,008 என்று அவருடைய கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று. 1999-ல் அவருக்கு முழங்கால் காயம் ஏற்பட்டதும், நான்காவது சுற்றில் வந்த ஒலாண்டிஸ் கேரி 1,159 யார்டு ஓடினார். 2000-ல் ஆறாவது சுற்றுப் புதுமுகமான மைக் ஆண்டர்சன் 1,487 யார்டு ஓடினார். பிறகு கிளின்டன் போர்ட்டிஸ், ரூபன் டிரவுன்ஸ், டேட்டம் பெல் ஆகியோரும் ஆளுக்கொரு முறையேனும் ஆயிரத்தைக் கடந்தார்கள். ஆள் மாறினாலும் ஓட்டம் மாறவில்லை. ஆகவே ஓடியவர்களைத் தாண்டி அங்கே ஏதோ ஓர் அமைப்பு இருந்தது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த அமைப்பு கிப்ஸுடையதா, ஷனஹனுடையதா என்பதில்தான் சண்டை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பாட்ட முறையைக் கற்பித்தவர் கிப்ஸ். அதில் ஐயமே இல்லை. ஆனால் ஒரு முறை வகுப்பறையைத் தாண்டி ஓர் அணியின் இயல்பாக மாறுவதற்கு நேரம், ஆள், பொறுமை மூன்றும் தேவை. இவை மூன்றையும் கொடுக்கவோ மறுக்கவோ கூடியவர் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே. ஷனஹன் அவற்றைக் கொடுத்தார். அவருடைய பங்கை அங்கேதான் தேட வேண்டும். வரைபடம் வரைந்தவர் யார் என்பதில் அல்ல.

கிப்ஸ் கற்பித்த முறை என்ன?

ஸோன் பிளாக்கிங் என்று அதைச் சொல்வார்கள். கிப்ஸ் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். ஆனால் அதைக் கண்டிப்பான ஒழுங்காக மாற்றியவர்களில் அவருக்கு முதலிடம் உண்டு. பழைய முறையில் வரிசை வீரர் ஒவ்வொருவருக்கும் இன்ன எதிராளியைத் தடுக்க வேண்டும் என்று ஓர் ஆள் குறிக்கப்பட்டிருப்பார். ஸோன் முறையிலோ ஆளுக்குப் பதில் இடம் குறிக்கப்படுகிறது.

அவுட்சைட் ஸோன் எனப்படும் ஓர் ஆட்டத்தை, அதாவது ஒரு முயற்சிக்கான திட்டத்தை, மட்டும் மெதுவாகப் பார்ப்போம். ஓட்டம் வலப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கை மாறிய கணத்தில் ஐந்து வரிசை வீரர்களும் ஒரே தாளத்தில் வலப்பக்கம் காலெடுத்து வைக்கிறார்கள். நடுவில் நிற்கும் சென்டரும் அவருக்கு அடுத்த கார்டும் எதிரிலுள்ள பெரிய ஆளைச் சேர்ந்தே தள்ளுகிறார்கள். அவன் ஒருவருடைய பிடியில் முழுமையாக வந்துவிட்டான் என்று தெரிந்ததும் மற்றவர் அவனை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் லைன்பேக்கர் என்னும் தற்காப்பு வீரரை நோக்கி ஏறிச் செல்கிறார். யார் தங்குவது, யார் ஏறுவது என்பது முன்கூட்டி முடிவாவதில்லை. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைத் தோளின் அழுத்தத்தால் உணர்ந்து, அந்த அரை நொடியில் இருவரும் பேசாமலே முடிவு செய்ய வேண்டும். ஓட்டம் செல்லும் திசைக்கு மறுபுறத்தில் நிற்பவர்கள் தங்கள் எதிராளியைத் தாழ்வாக விழுந்து தடுத்துத் தரையில் சாய்க்கிறார்கள்.

ஓடுபவரின் கண் வலது ஓரத்தில் நிற்கும் தற்காப்பு வீரரின் மேல் இருக்கும். அவர் உள்ளே அடைபட்டுவிட்டால் வெளியே ஓடலாம். அவர் வெளியே விரிந்து சென்றால், அவருக்கு அடுத்து உள்ளே நிற்பவரைப் பார்க்க வேண்டும். தற்காப்பு மொத்தமும் வலப்புறம் வழிந்துவிட்டால், பின்பக்கத்தில் திறந்திருக்கும் சந்துக்குள் திரும்பிவிட வேண்டும். எதுவானாலும் ஒரே ஒரு திருப்பந்தான். அதற்குப் பிறகு நேரே முன்னோக்கி ஓட வேண்டும். இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருக்க அனுமதி இல்லை.

கிப்ஸ் ஓட்டத்துக்கென ஏராளமான ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்டவர் அல்லர். இந்த அகல ஓட்டம், இதன் குறுகிய வடிவம் ஆகிய இரண்டையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, எந்தத் தற்காப்பு எதிரே நின்றாலும் இவையே போதும் என்ற அளவுக்குத் திரும்பத் திரும்பப் பழக்கினார். நூறு பாட்டுத் தெரிந்த பாடகரைவிட இரண்டு ராகத்தில் ஆழ்ந்தவரிடம் மாணவர்களை விடுவது போன்றது அது.

2004-ல் கிப்ஸ் அட்லாண்டாவுக்குப் போனதும் அங்கும் ஓட்டம் சிறந்ததே. அப்படியானால் பெருமை முழுவதும் அவருக்குத்தானே?

இது வலுவான வாதம். இதை மழுப்பக் கூடாது. கிப்ஸ் சேர்ந்த 2004-லும், அடுத்த 2005, 2006 சீசன்களிலும் ஓடிய யார்டு கணக்கில் லீகிலேயே முதலிடம் பிடித்தது அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிதான். மைக்கேல் விக் என்னும் அசாதாரணமான குவாட்டர்பேக் அங்கிருந்தார். 2006-ல் அவர் மட்டுமே 1,039 யார்டு ஓடினார். அதைக் கழித்துப் பார்த்தாலும் கிப்ஸின் கை தெளிவாகவே தெரிகிறது.

ஆனால் 2005 சீசனின் பட்டியலை இன்னொரு வரி கீழே படித்துப் பாருங்கள். முதலிடம் அட்லாண்டா, இரண்டாமிடம், மிகச் சொற்ப வித்தியாசத்தில், கிப்ஸ் விட்டுச்சென்ற டென்வர். ஆசிரியர் போன இடத்திலும் பயிர் விளைந்தது, அவர் விட்டுப்போன நிலத்திலும் விளைந்தது. அந்த 2005-ல் டென்வரில் மைக் ஆண்டர்சன் 1,014 யார்டும் டேட்டம் பெல் 921 யார்டும் ஓடினார்கள். முதல் பாதி உண்மை கிப்ஸுக்குச் சான்று. இரண்டாம் பாதி உண்மை ஷனஹனுக்குச் சான்று. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பவர்கள் வாதத்தில் வெல்லலாம். உண்மையை நெருங்க முடியாது.

அட்லாண்டாவின் முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004-ல் 11 வெற்றிகள், 2005-ல் 8, 2006-ல் 7. மூன்று ஆண்டுகளும் லீகிலேயே அதிகம் ஓடிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம் மோரா மூன்றாம் ஆண்டின் முடிவில் பதவி இழந்தார். ஓட்டத்தை எறிதலோடும் மற்ற அனைத்தோடும் பின்னிக் கொடுப்பது வரிசைப் பயிற்சியாளரின் கையில் இல்லை என்பதை இது காட்டுகிறது.

அப்படி ஷனஹன் செய்ததுதான் என்ன?

முதலில், ஆள் தேர்வு. கிப்ஸின் முறைக்கு மலைபோன்ற உடல்கள் தேவையில்லை. பக்கவாட்டில் வேகமாக நகரக்கூடிய, சொன்னதை உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் தேவை. அந்தக் காலத்தில் மற்ற அணிகள் 320, 330 பவுண்டு ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, டென்வரின் சென்டர் டாம் நாலன் 290 பவுண்டைக்கூட எட்டாதவராக இருந்தார். அவர் ஏழாவது சுற்றில் வந்தவர். மார்க் ஷ்லெரெத் வேறோர் அணியால் பத்தாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். மேட் லெப்சிஸை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. கல்லூரியில் அவர், தடுப்பதோடு பந்தையும் பிடிக்கும் டைட் எண்டாக ஆடியவர். கேரி ஸிம்மர்மன் போன்ற, பின்னாளில் புகழ் மண்டபத்துக்குப் போன ஒருவரும் அங்கிருந்தார் என்றாலும், பெரும்பாலோர் சந்தையில் விலை போகாதவர்களே. டென்வரில் வீரர் தேர்வின் இறுதிச் சொல் ஷனஹனுடையது. வரிசைப் பயிற்சியாளர் ஒருவர் எனக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டும் என்று கேட்பது எளிது. அவரை நம்பி, லீக் முழுவதும் போகும் திசைக்கு எதிர்த்திசையில் ஆள் எடுக்கத் துணிவது தலைமைப் பயிற்சியாளரின் வேலை. தவறிப்போனால் வேலை இழப்பவரும் அவரே.

இரண்டாவது, நேரம். ஒரு வாரத்தில் களத்தில் கிடைக்கும் பயிற்சி நேரம் மிகக் குறைவு. எறிதலுக்கு ஒரு மணி கூட்டினால் ஓட்டத்துக்கு ஒரு மணி குறையும். மேலே சொன்ன தோளழுத்தப் பழக்கம் பேசி வருவதல்ல. நூற்றுக்கணக்கான முறை சேர்ந்து செய்து வருவது. 2011-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஒப்பந்தம், சீசன் நடக்கும் காலத்தில் முழுக் கவசத்தோடு நடத்தும் பயிற்சிகளைப் பதினான்காகக் குறைத்துவிட்டது. ஆகவே இந்த நேரப் பங்கீட்டு முடிவு இன்று முன்னைவிடப் பெரியது.

மூன்றாவதுதான் என் பார்வையில் ஷனஹனுடைய சொந்த ஆக்கம். 1992 முதல் 1994 வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்து அவர் கொண்டுவந்த எறிதல் முறையையும் கிப்ஸின் ஓட்டத்தையும் அவர் ஒரே உடலாக்கினார். வரிசை முழுவதும் வலப்புறம் நகர்கிறது, ஓடுபவர் வலப்புறம் பாய்கிறார், தற்காப்பு மொத்தமும் வலப்புறம் விரைகிறது. குவாட்டர்பேக் பந்தைக் கொடுப்பது போலக் காட்டி, இடுப்போரம் மறைத்துக்கொண்டு, தனியாக இடப்புறம் உருண்டு சென்று எறிகிறார். பூட்லெக் எனப்படும் இந்த ஆட்டம், முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்த டென்வர் குவாட்டர்பேக் ஜான் எல்வேக்கு அடி விழாத ஓர் இடத்தையும் சிந்திக்க நேரத்தையும் கொடுத்தது. அதற்கு முன், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் மூன்று முறை தோற்றிருந்த எல்வே, 1997, 1998 சீசன்களில் அடுத்தடுத்து இரண்டை வென்று ஓய்வு பெற்றார். ஓட்டம் எறிதலுக்குப் பாதை போட்டது. எறிதலுக்கு அஞ்சித் தற்காப்பு தயங்கியபோது ஓட்டம் இன்னும் விரிந்தது.

ஆட்டம் நடக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் ஓட்டத்துக்காக என்ன செய்துவிட முடியும்?

1998 ஜனவரி 25 அன்று சான் டியாகோவில் நடந்த 32-ஆவது சூப்பர் பவுலை நினைத்துப் பாருங்கள். எதிரணி கிரீன் பே பேக்கர்ஸ். முதல் கால்பகுதியின் முடிவில் டெரல் டேவிஸுக்கு ஒற்றைத் தலைவலி தாக்கிக் கண் பார்வை மங்கிவிட்டது. டென்வர் அணி கோல் கோட்டுக்கு ஒரு யார்டு தூரத்தில் நிற்கிறது. தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று டேவிஸ் சொல்கிறார். இந்த ஒரு முறை மட்டும் களத்தில் போய் நில், உன்னிடம் பந்து வராது, நீ இல்லாவிட்டால் நாம் ஓடப்போகிறோம் என்பதை அவர்கள் நம்பமாட்டார்கள் என்ற பொருளில் ஷனஹன் பதில் சொல்கிறார். இரண்டாம் கால்பகுதியின் முதல் ஆட்டம் அது. பார்வை தெளியாத டேவிஸ் பந்தை வாங்குவது போலப் பாய்ந்தார். தற்காப்பு அவர் மேல் குவிந்தது. எல்வே பந்தை மறைத்துக்கொண்டு வலப்புறம் நடந்து சென்றதைப்போலக் கோட்டைக் கடந்தார்.

டேவிஸ் அதன்பின் இரண்டாம் கால்பகுதி முழுவதும் வெளியே இருந்தார். மூன்றாம் கால்பகுதியில் திரும்பி வந்து, மொத்தம் 30 முறை ஏந்தி 157 யார்டு ஓடி, மூன்று டச்டவுன் அடித்து, ஆட்ட நாயகனானார். டென்வர் 31–24 என்று வென்றது. பார்வை மங்கிய ஒருவரைக் களத்துக்கு அனுப்பியது சரிதானா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. இன்றைய மருத்துவக் கவனிப்பில் அதை ஏற்பது கடினம். ஆனால் ஓட்டத்தின் மீது எதிரணி கொண்ட அச்சத்தையே ஆயுதமாக்கத் தெரிந்த தலைமைப் பயிற்சியாளர் எப்படிச் சிந்திப்பார் என்பதற்கு அந்த ஓர் ஆட்டம் போதும். அந்த முடிவு வரிசைப் பயிற்சியாளர் எடுக்கக்கூடியது அல்ல.

அமைப்பைப் பற்றியே பேசினால், ஓடியவர்களின் திறமையைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?

ஆகும், அதனால்தான் அமைப்பே எல்லாம் என்ற வாதத்தை நான் முழுவதும் ஏற்பதில்லை. டேவிஸ் 1998-ல் ஓடிய 2,008 யார்டை, அதே அமைப்பில் அவருக்குப் பின் வந்த எவரும் நெருங்கவில்லை. 2004-ல் 1,240 யார்டு ஓடிய டிரவுன்ஸை அமைப்பின் விளைச்சல் என்றார்கள். அவர் மறு ஆண்டே கிளீவ்லாந்துக்குச் சென்று, முற்றிலும் வேறான சூழலில் 1,232 யார்டு ஓடிக் காட்டினார்.

போர்ட்டிஸின் கதை இரு பக்கமும் பேசும். டென்வரில் 2002, 2003 இரண்டிலும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சராசரி 5.5 யார்டு எடுத்தவர், வாஷிங்டனுக்கு மாறிய 2004-ல் 3.8-க்கு இறங்கினார். அங்கேயும் 1,315 யார்டு ஓடினார் என்றாலும், அதற்கு மிக அதிகமான முறை மோத வேண்டியிருந்தது. அவரைக் கொடுத்து ஷனஹன் பெற்றது சேம்ப் பெய்லி என்னும் தலைசிறந்த தற்காப்பு வீரரையும், கூடவே ஓர் இரண்டாம் சுற்று வாய்ப்பையும். அந்த வாய்ப்பில் எடுக்கப்பட்டவர்தான் 2006-ல் 1,025 யார்டு ஓடிய டேட்டம் பெல். தன் அமைப்பின் மேல் நம்பிக்கை இருந்ததால்தான் ஓடுபவரை விற்றுத் தற்காப்பை வாங்கும் துணிவு அவருக்கு வந்தது. அணியின் முழுக் கணக்கையும் மனத்தில் வைத்திருப்பவரால் மட்டுமே செய்யக்கூடிய பேரம் அது.

மைக் ஆண்டர்சனைப் பற்றி ஒரு வார்த்தை. உயர்நிலைப் பள்ளியில் கால்பந்தே ஆடாதவர். கடற்படைப் பிரிவான மரைன் படையில் பணியாற்றிவிட்டு, பின்னர் கல்லூரிக்கு வந்தவர். புதுமுகமாக ஆடிய ஆண்டிலேயே அவருக்கு 27 வயது நிறைந்தது. டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 251 யார்டு ஓடினார். இப்படி ஒருவரைப் பொறுக்கியெடுக்கக் கண் வேண்டும். அவரை முன்னிறுத்த மனம் வேண்டும்.

ஷனஹன், கிப்ஸ் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லையா?

பாபி டர்னர் இருக்கிறார். ஷனஹனின் டென்வர் காலம் முழுவதும் ஓடுபவர்களின் பயிற்சியாளர் அவரே. பின்னர் வாஷிங்டனுக்கும் ஷனஹனோடு சென்றார். டேவிஸ், கேரி, ஆண்டர்சன், போர்ட்டிஸ் எல்லோருக்கும் அந்த ஒற்றைத் திருப்பத்தைப் பழக்கியவர். வாதத்தில் அவர் பெயர் அரிதாகவே வருவது எனக்கு வருத்தம். வரிசைப் பயிற்சியில் கிப்ஸோடு இருந்து, அவருக்குப் பின் அதைத் தொடர்ந்த ரிக் டென்னிசனும், தாக்குதல் ஒருங்கிணைப்பாளராகப் பதினோரு சீசன் இருந்த கேரி கூபியாக்கும் உண்டு.

கிப்ஸ் இல்லாத வேறோர் அணியில் ஷனஹன் இதைச் செய்து காட்டினாரா?

காட்டினார், ஆனால் அந்தச் சான்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2012-ல் அவர் தலைமையில் வாஷிங்டன் அணி ஓடிய யார்டில் லீகிலேயே முதலிடம் பிடித்தது. மீண்டும் ஓர் ஆறாவது சுற்றுப் புதுமுகம்: ஆல்ஃபிரட் மோரிஸ், 1,613 யார்டு. ஆனால் அதே அணியில் குவாட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினும் தானே ஓடி 815 யார்டு சேர்த்தார். அவர் பந்தை வைத்துக்கொள்வாரா கொடுப்பாரா என்று தெரியாமல் தற்காப்பு உறைந்து நின்றது மோரிஸுக்குப் பேருதவி. ஷனஹனின் மகன் கைல் அங்கே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். ஆகவே இதைத் தந்தையின் தனி வெற்றி என்று எழுதிவிட முடியாது.

அந்த ஆண்டின் முடிவு தலைமைப் பயிற்சியாளரின் பொறுப்பின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. டிசம்பரில் முழங்காலில் காயம்பட்ட கிரிஃபின், ஓர் ஆட்டம் மட்டும் ஓய்வெடுத்துத் திரும்பினார். 2013 ஜனவரி 6 அன்று சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே தொடர்ந்து ஆடி, அதே காலில் பெருங்காயம் அடைந்தார். அவரை வெளியே எடுக்கும் அதிகாரம் ஷனஹனிடம் இருந்தது. ஓட்டத்தைக் கட்டியதற்காக அவரைப் புகழும் நான், இதற்கும் அவரையே பொறுப்பாக்குகிறேன்.

ஒவ்வொரு முயற்சிக்கும் எந்த ஆட்டம் என்று தானே அழைக்காத தலைமைப் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டா?

உண்டு. பால்டிமோர் ரேவன்ஸின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜான் ஹார்போவைப் பாருங்கள். அவர் பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான சிறப்புப் பிரிவுகளின் பயிற்சியாளராக வளர்ந்தவர். 2018 நவம்பரில் குவாட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ காயமடைந்ததும் புதுமுகம் லாமார் ஜாக்சனிடம் அணியை ஒப்படைத்தார். ஜாக்சன் தொடங்கிய ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி. ஃபிளாக்கோ குணமான பின்னும் பழைய வழிக்குத் திரும்பவில்லை. அடுத்த சீசனுக்குக் கிரெக் ரோமனை ஒருங்கிணைப்பாளராக்கி, தாக்குதலையே ஜாக்சனைச் சுற்றித் திருப்பிக் கட்டச் செய்தார். விளைவு 2019-ல் 3,296 யார்டு. 1978-ல் நியூ இங்கிலாந்து படைத்திருந்த லீக் சாதனை உடைந்தது. ஆட்டங்களை வரைந்தவர் ரோமன். அவை வரையப்படலாம் என்று முடிவெடுத்தவர் ஹார்போ.

அதே அணி பின்னர் டென்னசியிடம் 28–12 என்று தோற்ற பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில், பின்தங்கியதும் தன் பலத்தை மறந்து, ஜாக்சனை 59 முறை எறிய வைத்தது. பொறுமை என்று நான் முன்பு சொன்னது இதைத்தான்.

இந்தப் பொறுமைக்குப் பெரிய எடுத்துக்காட்டு 2017 பிப்ரவரியில் நடந்த 51-ஆவது சூப்பர் பவுல். ஒரு காலத்தில் 28–3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா, 28–20 என்று இருக்கும்போது, ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரம் மீதமிருக்கையில், எதிரணியின் 22-ஆவது யார்டில் பந்தை வைத்திருந்தது. மூன்று முறை ஓடிக் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, பந்தை உதைத்து ஒரு ஃபீல்டு கோல் அடித்தால் ஏறக்குறைய முடிந்த கதை. முதல் ஓட்டத்தில் ஒரு யார்டு இழப்பு. அடுத்து எறியப் போய்க் குவாட்டர்பேக் சிக்கி 12 யார்டு இழப்பு. அதற்கடுத்து விதிமீறலுக்காகப் பத்து யார்டு தண்டனை. கோல் அடிக்கும் தூரமே கைநழுவிப் போயிற்று. நியூ இங்கிலாந்து 34–28 என்று வென்றது. ஆட்டங்களை அழைத்தவர் ஒருங்கிணைப்பாளராக இருந்த அதே கைல் ஷனஹன். எல்லோரும் அவரையே குற்றம் சொல்கிறார்கள். ஆனால் தலைமைப் பயிற்சியாளர் டான் குவின் தலைக்கருவியை அணிந்துகொண்டு பக்கத்திலேயே நின்றார். ஓடு என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்திருந்தால் போதும். அந்தச் சொல்லுக்காகத்தான் அந்தப் பதவியே இருக்கிறது.

டென்வர் வரிசையின் தாழ்வான தடுப்புகள் நியாயமானவையா? அதற்கு யார் பொறுப்பு?

எதிராளியின் காலருகே விழுந்து சாய்க்கும் அந்தத் தடுப்பு அன்றைய விதிகளுக்கு உட்பட்டதாகவே பெரும்பாலும் இருந்தது. ஆனால் முழங்காலும் கணுக்காலும் தொழிலின் மூலதனமாக இருக்கும் விளையாட்டில் எதிரணிகள் அதைப் பல ஆண்டுகள் கசப்போடு பேசின. பின்னாளில் லீகும் தாழ்வான தடுப்புகளைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. கிப்ஸின் வரிசை வீரர்கள் ஊடகத்தாரிடம் பேசாதிருப்பதையே வழக்கமாக வைத்திருந்ததால், அவர்கள் பக்க விளக்கமும் அப்போது வெளியே வரவில்லை. கற்பித்தவர் உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம். களத்தில் தன் அணி என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற எல்லையை வகுப்பவர் தலைமைப் பயிற்சியாளர். பெருமையில் பங்கு கேட்பவர் இந்தக் கசப்பிலும் பங்கேற்க வேண்டும்.

இவ்வளவு நன்றாக ஓடிய அணி ஏன் தொடர்ந்து கோப்பை வெல்லவில்லை?

எல்வே ஓய்வு பெற்ற பிறகு, 2008 டிசம்பரில் ஷனஹன் நீக்கப்படும் வரையிலான பத்து சீசன்களில் டென்வர் வென்ற பிளேஆஃப் ஆட்டம் ஒன்றே ஒன்று. ஓட்டம் இருந்தது, அதற்கு ஈடான குவாட்டர்பேக்கும் தற்காப்பும் ஒன்றாக அமையவில்லை.

புதிதாகப் பொறுப்பேற்கும் ஒரு தலைமைப் பயிற்சியாளர் ஓட்டத்தைக் கட்டுவாரா என்று எப்படிக் கண்டுகொள்வது?

அவர் முதல் நாள் பேட்டியில் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. உடலால் மோதி ஆடுவோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் வரிசைப் பயிற்சியாளராக யாரை அழைத்து வருகிறார், அவருக்கு எத்தனை ஆண்டு கொடுக்கிறார் என்று பாருங்கள். டிராஃப்டில் எடுக்கப்படும் வரிசை வீரர்கள் அந்தப் பயிற்சியாளர் கேட்ட வகையினர்தானா என்று பாருங்கள். 1959-ல் கிரீன் பேக்கு வந்த வின்ஸ் லொம்பார்டி தாமே கல்லூரியில் வரிசை வீரராக ஆடியவர்; ஓரத்தைச் சுற்றிச் செல்லும் ஸ்வீப் என்ற ஒரே ஓட்டத்தைப் பற்றி மணிக்கணக்கில் வகுப்பெடுக்கக் கூடியவர். அப்படிப்பட்டவருக்கு வெளியிலிருந்து ஒரு கிப்ஸ் தேவைப்படமாட்டார். மற்றவர்களுக்குத் தேவை.

பிறகு, பத்துப் புள்ளி பின்தங்கிய ஓர் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியைப் பாருங்கள். முதல் ஓட்டம் இரண்டு யார்டோடு நிற்கிறது. அரங்கம் முணுமுணுக்கிறது. அடுத்த முயற்சியில் வரிசை மறுபடியும் ஒரே தாளத்தில் வலப்புறம் காலெடுத்து வைக்கிறதா என்பதைக் கவனியுங்கள்.